கடம்பூரில் இறங்கிய பட்டுச்சேலை

பூவனலிங்கத்தின் கல்யாணத்தன்று முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாப்பிள்ளை சலூனில் ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் ஒன்பதரை வரைக்கும் இருந்ததால் எல்லோரும் தப்பித்தார்கள். இந்தக் கதையை அழகுத்தாய் இன்றைக்குச் சொன்னாலும் கேட்கிறவர்கள்தான் சிரிப்பார்கள், அவள் சிரிக்க மாட்டாள். மணவறையில் தனியாக உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

அதற்காக மனிதரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது, சொன்னால் பாவம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் முப்பத்தோரு வருஷமாகப் பண்டல் பிரிவில் வேலை பார்க்கிறார். அறுநூறு தீப்பெட்டியை அடுக்கி, தாளைச் சுற்றி, நான்கு முனையையும் மடித்து, மைதாப் பசை தடவி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பண்டல். லாரி வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கிற வரைக்கும் டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். ஹாரன் சத்தம் கேட்ட பிறகு பார்க்க வேண்டும் அவரை. கை எங்கே போகிறது, தாள் எங்கே மடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கைக்கு எட்டுகிற தூரத்தில் எதை வைத்தாலும் அது பொட்டலமாகிவிடும். ஒருநாள் சுடலைச்செல்வி என்று கூட வேலை பார்க்கிற பெண் சாப்பாட்டு டப்பாவை மேசை ஓரம் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் டப்பா பொதியப்பட்டு லாரியிலும் ஏறிவிட்டது. அந்தப் புளிச்சோறு நாக்பூர் வரைக்கும் போயிருக்கும் என்று ஆலையில் இன்னமும் கணக்குச் சொல்கிறார்கள்.

எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருகிற பதில் 'பார்க்கலாம்'. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதா, பார்க்கலாம். ஓட்டர் லிஸ்டில் விலாசம் மாற்றுவதா, பார்க்கலாம். கடைசி நாள் மத்தியானம் ஓடிப் போய் எல்லாவற்றையும் முடித்துவிடுவார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'எதாவது நின்னு போச்சா?' என்று மார்தட்டுவார். ஒன்று நின்றுபோனது. அதைப் பற்றி மட்டும் அவர் மார்தட்டுவதில்லை.

ஒரே மகள் பிரித்திகா. திருநெல்வேலியில் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்தவள், ரயில்வே சிக்னல் பிரிவில் இருக்கும் எபனேசர் என்கிற பையனை விரும்பினாள். பையனுக்கு ஊர் மணியாச்சி. வேதக்காரப் பையன், கிறிஸ்தவன் என்றதும் அழகுத்தாய் ஒரே பிடியாக நின்றாள். இந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் அந்தக் கல்யாணத்துக்குப் போகாது என்று சாமி படத்தின் முன்னால் சூடத்தை வைத்துச் சொல்லிவிட்டாள். பூவனலிங்கம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த மகள் ஆலை வாசலுக்கே வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, அம்மா வரமாட்டாள், நீங்களாவது வருவீர்களா என்று கேட்டாள். போகத்தான் வேண்டும் என்று அந்த நிமிஷமே அவர் மனதுக்குள் முடிவுசெய்துவிட்டார். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் "பார்க்கலாம்ட்டி" என்றது.

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார். ரெண்டு மணிக்குத்தானே என்று இருந்தவரை ஒரு லாரி பிடித்துக்கொண்டது. ரிஜிஸ்டர் ஆபீசில் வண்டியை நிறுத்தும்போது மணி மூன்றே கால். எல்லாம் முடிந்து போய்விட்டார்கள் என்று அங்கே இருந்தவர் சொன்னார். வந்த வழியே திரும்பிப் போய் மிச்சப் பண்டலைப் போட்டார். பெண்டாட்டியிடம் சொல்ல முடியாது, சூடம் வைத்துச் சொன்னவள். மகளிடம் என்ன என்று சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளை வராமலே ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. அப்பா யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் வரவில்லை என்று பிரித்திகா நினைத்துக்கொண்டாள். அப்புறம் அவரோடு பேச்சு கிடையாது.

சூடம் வைத்தவள் முதலில் இறங்கி வந்துவிட்டாள், அதுதான் வேடிக்கை. ஒரு வருஷத்துக்குள் அழகுத்தாய் மகளோடு போனில் குழம்புக்குப் பக்குவம் சொல்கிற அளவுக்கு ராசியாகிவிட்டாள். போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் இருவரும் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது பூவனலிங்கம் கூடத்தில் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் பரிசு வந்ததும்மா, நாத்தனாருக்குக்கூட அவ மாமியார் வீட்டிலிருந்து வந்தது, எனக்குத்தான் பிறந்த வீட்டுப் பொட்டலம் ஒன்றும் இல்லை, பரவாயில்ல, என்று பிரித்திகா சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் 'பரவாயில்ல'யைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இந்த வருஷம் சம்பந்தியம்மா ஜெபக்கனியே போன் போட்டு, இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ரெண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருப்பதையும் சொன்னார். பரிசை எல்லாம் கிறிஸ்மஸ் மரத்தடியில் குவித்துவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். கொடுக்கிறவர் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து மனதில் இருக்கிறதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பிரிக்கலாம். "சும்மா பொருளத் தூக்கிக் குடுக்கதுக்குக் கடைக்காரன் போதுமே மைனி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பூவனலிங்கம், சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். மகள் கையில் பொட்டலத்தைக் கொடுத்து, முகத்தைப் பார்த்து, அன்றைக்கு நான் வந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். இதற்கு மேலும் தள்ளினால் நான் மனுஷனே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே அழகுத்தாய் ஏழு பேருக்கும் சாமான் வாங்கிவிட்டாள். சம்பந்திகளுக்கு வேட்டியும் சேலையும், மாப்பிள்ளைக்குச் சட்டைத் துணி, மகளின் நாத்தனாருக்கு ஹாட் பாக்ஸ், அவள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் விளையாட்டுச் சாமான். மகளுக்கு மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு. கோவில்பட்டியில் எல்லோரும் துணி எடுக்கிற அந்தப் பெரிய ஜவுளிக்கடையில் ஒரு பகல் பூராவும் உட்கார்ந்து, கடைப் பையனை அழவைத்து எடுத்த சேலை அது. வரும்போதே பூப்போட்ட பரிசுத்தாளும் பத்து வாங்கிக்கொண்டாள். பக்கத்து ஃபேன்சி கடையில் அழகாகப் பொதிந்து ரிப்பன் கட்டித் தருகிறார்களாம், கொடுத்துவிடவா என்று ஒரு வார்த்தை கேட்டாள்.

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் பண்டல் போட்டவன் வீட்டுப் பொருளை இன்னொருவன் பொதிவதா? செலோடேப்பைக் கிழித்து ஒட்டுவதற்குப் பெயர் பொதிவதா? ஏழு பொட்டலம் பத்து நிமிஷ வேலை, ஒருத்தரும் தொடக்கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அத்தோடு சரி. தேதி பத்தாயிற்று, பதினைந்தாயிற்று. ஆலையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் பசை கொண்டுவந்து வைத்தார், அது புளித்தது. கொட்டிவிட்டு மறுபடி கொண்டுவந்தார், அதுவும் புளித்தது. இருபதாம் தேதி அழகுத்தாய் தாளை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். ரொம்ப முன்னாலே பொதிந்தால் மடிப்பு விட்டுப்போகும் என்று ஒரு காரணம் சொன்னார் பாருங்கள். நாக்பூருக்குப் பண்டல் அனுப்புகிறவர் பேசுகிற பேச்சா அது?

இருபத்துநாலாம் தேதி அரைநாள் லீவு சொல்லியிருந்தார். மறுநாள் விடுமுறை என்பதால் இருக்கிற சரக்கையெல்லாம் ஏற்றச் சொல்லி லாரி வந்து நின்றுவிட்டது. மூன்றாம் தடவையாகப் பசையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று பத்து. மூன்று ஐம்பதுக்கு ரயில். அழகுத்தாய் குளித்து, தலைக்குப் பூ வைத்து, பையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் அவருக்குக் கிலியாக இருந்தது. ரயிலில் வைத்துப் பொதிந்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அவள் சாமான், தாள், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு பெரிய வயர் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ரயிலில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். எப்படியோ ஜன்னலோரத்தில் ஒன்றரை ஆள் இடம் கிடைத்தது. வண்டி நகர்ந்ததும் பூவனலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டார். பையை மடியில் கவிழ்த்து மேசையாக்கி, பசைச்சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டார். அழகுத்தாய் சாமானை எடுத்து நீட்ட, முதல் பொட்டலம் மூன்று நிமிஷத்தில் தயாரானது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு மூலையும் கத்தி போல நின்றது.

அவ்வளவுதான், பெட்டி முழுக்க இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு காலேஜ் பெண் பேனாவை எடுத்து ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயர் எழுதுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். ஒருவர் தாளைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டார். கடலைமிட்டாய் விற்கிறவர் யாவாரத்தை நிறுத்திவிட்டுக் கூடையோடு நின்றார். விளாத்திகுளம் டிப்போவில் கண்டக்டராக இருக்கிற வெயிலுமுத்து என்பவர் நின்றுகொண்டே வந்தவர், இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று கையிலிருந்த பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தார். பஸ்சில் டிக்கெட் கிழிக்கிறவர் ரயிலில் என்ன செய்கிறீர்கள் என்று காலேஜ் பெண் கேட்க, லீவு நாளிலாவது யாரிடமும் சில்லறைக்குச் சண்டை போடாமல் போகலாமே என்றுதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அழகுத்தாயே சிரித்துவிட்டாள். அவளுக்குக் காலையிலிருந்து இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. புருஷனின் கையை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வண்டி கடம்பூர் நெருங்கும்போது ஆறு பொட்டலம் முடிந்திருந்தது. அழகுத்தாய் பட்டுச்சேலைப் பெட்டியை எடுத்துச் சீட்டில் வைத்துவிட்டுக் கடைசித் தாளை விரித்தாள். இங்கேதான் கதையே. நம் ஊரில் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியை யாராவது தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சேலை போன பிறகு பத்து வருஷத்துக்கு அதில் ரேஷன் கார்டு இருக்கும், ஊசிநூல் இருக்கும், பிள்ளைகளின் மார்க் ஷீட் இருக்கும். வெயிலுமுத்து சீட்டில் வைத்த பெட்டியும் அதே கடையின் பெட்டிதான். உள்ளே இருந்ததும் துணிதான். கை ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் பூவனலிங்கம் எட்டி ஒன்றை எடுத்தார், கண்ணை மூடித் திறப்பதற்குள் பொதிந்தார். காலேஜ் பெண் அதன்மேல் 'பிரித்திகா' என்று எழுதி ஓரத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். வண்டி நின்றது. வெயிலுமுத்து நேரமாகிவிட்டது என்று மிச்சமிருந்த பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுக் கடம்பூரில் இறங்கிப் போனார்.

மணியாச்சியில் இறங்கி நடந்தால் பத்து நிமிஷத்தில் சம்பந்தி வீடு. வாசலில் பெரிய காகித நட்சத்திரம் தொங்கியது. பிரித்திகா வெளியே வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து "வாங்கப்பா" என்றாள். அவர் "நல்லாருக்கியாட்டி?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளை எபனேசர் நாற்காலியை இழுத்துப்போட்டு, மாமா மாமா என்று விழுந்து விழுந்து கவனித்தார். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டு தட்டாக வந்தது. பூவனலிங்கம் முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய வார்த்தையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுச் சின்ன ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ஏழு பொட்டலம் மரத்தடியில் தனியாகத் தெரிந்தது. ஜெபக்கனிக்கு அழகுத்தாய்தான் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. எம் மகளை நீங்க பார்த்துக்கிட்ட மாதிரி அந்த நேரத்தில் நான் பார்த்துக்கிடல, என்றாள். ரெண்டு அம்மாக்களுக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபக்கனி பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தார், பிரியவில்லை. நகத்தால் கீறினார், பல்லால் கடித்தார். அந்தப் பசை மழையிலும் வெயிலிலும் லாரியில் ஆயிரம் மைல் போவதற்கென்று காய்ச்சிய பசை. கடைசியில் சம்பந்தி ஞானசிகாமணி சமையல்கட்டுக்குப் போய் அரிவாள்மணையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ரிட்டயர்டு ரயில்வே கேட்கீப்பர் அவர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். ஒவ்வொரு பொட்டலத்தையும் காய் நறுக்குவது போல ஓரம் நறுக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தன. மாப்பிள்ளையின் முறை வந்தபோது பூவனலிங்கம் எழுந்து, நல்லா வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம், என்று சொல்லிச் சட்டைத் துணியைக் கொடுத்தார். இந்த வார்த்தை வந்துவிட்டதே, அடுத்ததும் வந்துவிடும் என்று தைரியமாக இருந்தார்.

கடைசியாக நட்சத்திரம் போட்ட பொட்டலம். பிரித்திகா எதிரே வந்து நின்று கையை நீட்டினாள். முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "மொதல்ல பிரிட்டி. பெறவு சொல்லுதேன்" என்றார். அழகுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். மகள் முகத்தில் ஒரு சின்ன வாட்டம் ஓடியதை அவர் பார்த்தார். ஆனாலும் அவள் ஒன்றும் சொல்லாமல் அரிவாள்மணையில் ஓரத்தை நறுக்கி, தாளை உரித்து, ஜவுளிக்கடைப் பெட்டியைக் கண்டதும் கொஞ்சம் மலர்ந்துபோய், மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு காக்கிப் பேண்ட் இருந்தது.

தூக்கி விரித்தாள். மூன்று பேர் உள்ளே போகலாம் போல இருந்தது. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குப் போட்டுத் துவைத்த ஒரு காக்கிப் பேண்ட் வந்திருக்கிறது என்றால் யார்தான் என்ன பேசுவது? அழகுத்தாய்க்கு முகம் செத்துப்போய்விட்டது. பேண்டில் டெய்லர் கடைத் துண்டுச்சீட்டு ஒன்று குத்தியிருந்தது. ஜெபக்கனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். வெயிலுமுத்து, கண்டக்டர், இடுப்பு ரெண்டு இஞ்ச் கூட்டணும், அவசரம். கீழே போன் நம்பர்.

முதலில் புரிந்தது அழகுத்தாய்க்குத்தான். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஆரம்பித்த சிரிப்பு வீடு முழுக்கப் பரவியது. ஞானசிகாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுடலைச்செல்வியின் புளிச்சோற்றுக் கதையையும் அழகுத்தாய் சேர்த்துச் சொல்ல, பிரித்திகாவே பேண்டை மடியில் போட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிக்காமல் நின்றது பூவனலிங்கம் ஒருத்தர்தான். போன வருஷமும் இவளுக்கு ஒன்றும் இல்லை, இந்த வருஷமும் ஒன்றும் இல்லை, ரெண்டுக்கும் காரணம் நான்தான் என்று நினைத்தார். பத்து நாளைக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பொதிந்திருந்தால் இது நடந்திருக்குமா?

எபனேசர் அந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வெயிலுமுத்து வீட்டுக்கு வெளியே வந்து நின்றுதான் பேசினார் போல, குரலை அடக்கிக்கொண்டிருந்தார். பெட்டி மாறியது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்ததாம். தெரிந்தது அவருக்கில்லை, அவர் பெண்டாட்டிக்கு. பேண்டைத் துவைத்துப் போடலாம் என்று அந்தம்மா பெட்டியைத் திறந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, கல்யாணமாகி இருவத்திரெண்டு வருசத்துல நானா எடுத்துக் குடுத்த மொத சேலைன்னு நெனச்சிட்டா. ஒக்காந்து அழுதுட்டா. இப்பம் கட்டிக்கிட்டுப் பக்கத்து வீட்டுல காட்டப் போயிருக்கா. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

காலையில் முதல் வேலையாகத் தானே கொண்டுவந்து தருவதாகவும், பெண்டாட்டியிடம் எப்படியாவது சொல்லிக்கொள்வதாகவும் அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் குரலைக் கேட்டால் அதைச் சொல்கிற தைரியம் அவருக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று தெரிந்தது. பிரித்திகா எழுந்து போய்ப் போனைக் கையில் வாங்கினாள்.

"சேலை அவியளுக்குத்தான் அண்ணாச்சி. நீங்க எடுத்ததாவே இருக்கட்டும். பேண்ட மட்டும் வந்து வாங்கிட்டுப் போங்க, இங்கன யாருக்கும் அளவு சரியா வராது."

அந்தப் பக்கத்திலிருந்து நல்லாருங்கம்மா, நல்லாருங்கம்மா என்று ரெண்டு மூன்று தடவை கேட்டது. அழகுத்தாய்க்கு மயில்கழுத்துப் பட்டு ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்து போயிற்று. ஒரு பகல் பூரா உட்கார்ந்து எடுத்தவள், இருக்காதா? ஆனால் கடம்பூரில் எந்த வீட்டிலோ அதைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள் என்று நினைத்ததும், சரி, கட்டிக்கிடட்டும், ராசியான சேலைதான், என்று அவளே சொன்னாள். வீடே நிறைந்தாற்போல் இருந்தது. ஜெபக்கனி எல்லோருக்கும் காபி போட எழுந்தவர், பாதியில் நின்று திரும்பினார்.

"பொருள்தான் கடம்பூர்ல எறங்கிட்டு. வார்த்த பாக்கி இருக்குல்லா? சொல்லுங்க அண்ணாச்சி."

எல்லோரும் பூவனலிங்கத்தைப் பார்த்தார்கள். கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ளக்கூட ஒரு பொட்டலம் இல்லை. வெறும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பசை காய்ந்து விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது. மகள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அன்னைக்கு நான் வந்தேன்ட்டி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்கு. மூணே காலுக்கு வந்தேன். நீங்க எல்லாரும் போயாச்சுன்னாவ. வேண்டாம்னு நெனச்சு வராம இருக்கல. வரணும்னுதான் வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போனேன். லாரி வந்துட்டு. உங்கிட்டச் சொல்லணும்னு தெனமும் நெனப்பேன், நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு..."

அழகுத்தாய் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும். அந்த வெள்ளைச் சட்டை அவளுக்கு ஞாபகம் இருந்தது. வேலை நாளில் எதற்கு வெள்ளைச் சட்டை என்று அன்றைக்கு அவளே கேட்டிருந்தாள்.

பிரித்திகா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணே காலா?" என்று கேட்டாள். "நாங்க மூணு மணி வரைக்கும் வாசல்ல நின்னோம்ப்பா. இவிய போவோம் போவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. எங்கப்பா எப்பவும் கடைசி நிமிசத்துலதான் வருவாவ, ஆனா வந்துருவாவன்னு நான்தான் பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தேன்."

பூவனலிங்கம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் அந்தப் பசை ஒட்டிய கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, ரெண்டும்தான்.

"இன்னுங் கொஞ்ச நேரம் நின்னிருக்கணும்ப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அசையாமல் நின்றார்.